இறங்கி நடக்கும் பாலம்

எங்கள் ஊருக்கு வரும் பஸ்சில் இருப்பவர்கள் எல்லாரும் பாலத்துக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். பல வருடங்கள் அதுதான் வழக்கமாக இருந்தது. யுத்தத்தில் பாலத்தின் நடுத்தூண் உடைந்துபோனது. நாங்கள் செட்டிகுளம் பக்கத்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, உடைந்த இடத்துக்கு மேலே இரும்புச் சட்டங்களை வைத்து, அதன்மேல் தகடுகளைப் பூட்டியிருந்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். ஆட்களோடு பஸ் போனால் தாங்காது. அதனால் ஆட்கள் முன்னால் நடப்பார்கள், வெறும் பஸ் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வரும், அக்கரையில் எல்லாரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். கிளிநொச்சிக்குப் போகும்போதும் இதேதான், திசை மட்டும் மாறும்.

ஊர்ப்பக்கக் கரையில், பாலம் முடிகிற இடத்தில், எங்கள் தேத்தண்ணிக் கடை இருந்தது.

நானும் மனைவியும் சேர்ந்து நடத்தினோம் என்று சொல்வார்கள். உண்மையில் நடத்தியது அவள்தான். நான் பின்னால் அடுப்படியில் நிற்பேன். எங்கள் இருவருடைய பெற்றோரும் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இனக்கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘இருக்காங்க’, ‘வாராங்க’ என்று நான் சொன்னதை இடைவேளை முழுவதும் ஆளுக்காள் சொல்லிக் காட்டுவார்கள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பும் நின்றது. ஊர்ப் பேச்சு பிறகு எனக்கு வந்துவிட்டது. கூச்சம் போகவில்லை. மனைவியும் அதே பள்ளிக்கூடம்தான். அவளைப் பார்த்தும் சிரித்தார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுத் தன் பேச்சையே பேசினாள். இன்றைக்கும் அவளுடையது மலைநாட்டுப் பேச்சுத்தான்.

கடையில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பஸ் அக்கரையில் நின்றதும் ஆட்கள் நடக்கத் தொடங்குவார்கள். கடைக்குப் பின்னால் நிற்கிற என் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். ஆனால் இரும்புத் தகடுகளின் சத்தம் கேட்கும். நாலைந்து பேர் நடந்தால் ஒரு சத்தம், பஸ் நிறைய ஆட்கள் என்றால் வேறு சத்தம். சந்தை நாளில் சுமையோடு நடக்கிறவர்களின் சத்தம் இன்னும் கனமாக இருக்கும். அதைக் கேட்டுத்தான் நான் கோப்பைகளை வரிசையாக வைத்துத் தேயிலைச் சாயத்தை ஊற்றத் தொடங்குவேன். அவர்கள் கரையில் கால் வைக்கும்போது தேத்தண்ணி ஆவி பறக்க மேசையில் இருக்கும். வெறும் பஸ் பாலத்தில் ஏறி, தகடு தகடாகத் தாண்டி வந்து சேருவதற்குள் குடித்து முடிக்கலாம். வடை ஒன்றையும் கடிக்கலாம்.

“வாங்க, வாங்க. ஆத்தைப் பாத்துக்கிட்டே வந்தா தொண்டை காஞ்சிரும்” என்று மனைவி முன்னால் நின்று கூப்பிடுவாள்.

நடக்க முடியாதவர்களைக் கண்டக்டர் இறங்க விடமாட்டார். மிகவும் மெலிந்த ஒரு கிழவி பூநகரியிலிருந்து மகளிடம் வந்துபோவா. அவா பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பினால் கண்டக்டர் சொல்வார்: “அம்மாச்சி, நீங்கள் இருங்கோ. நீங்கள் ஏறினாலும் இறங்கினாலும் பாலத்துக்குத் தெரியாது.”

“உன்ரை றைவரை இறக்கிவிடு முதல். அவன்ரை வண்டிக்குத்தான் பாலம் உடையும்” என்று அவா சொல்வா. சாரதி தன் பெரிய வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. அதை வைத்திருந்தவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். குளத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த வயல் காணியைப் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. காணி மற்றச் சகோதரர்களுக்குப் போக, அவருக்குச் சைக்கிள் கடை மிஞ்சியது. தகடுகளைப் பூட்டிய ஆணிகள் அங்கங்கே தலை நீட்டிக்கொண்டிருக்கும். பாலத்தைக் கடந்து வரும் சைக்கிள்களில் ஏதாவது ஒன்று காற்றுப் போய்த்தான் வந்து சேரும்.

“தங்கச்சி, உன்ரை தேத்தண்ணி விக்கிறதுக்காகத்தான் பாலத்தை உடைச்சு வச்சிருக்கினமெண்டு ஊரில கதை” என்பார் என் மனைவியிடம்.

“நான் ஆளுங்களுக்குத் தண்ணிதான் குடுக்கிறேன். ஆணியடிச்சு வச்சிருக்கிறது யாருண்ணு ஊருக்குத் தெரியும்ண்ணே.”

“ஐயோ, கத்தாதை. பொலிசுக்குக் கேக்கப்போகுது.”

அந்த இடத்துக்கே பாலத்தடி என்றுதான் பெயர். கடைகளோடு சேர்த்து வேறு கட்டடங்களும் இருந்தன. சங்கக்கடை என்று நாங்கள் சொல்லும் கூட்டுறவுக் கடை, உப தபாற்கந்தோர், ஒரு நெல் ஆலை. ஆலையின் சுவர்கள் மட்டும்தான் இப்போது நிற்கின்றன. நான் சின்னவனாக இருந்தபோது அதன் வாசலில் நெல் மூட்டையோடு மாட்டு வண்டில்கள் காத்து நிற்கும். இடம்பெயர்ந்து திரும்பியபோது கூரையும் இல்லை, இயந்திரமும் இல்லை, கதவு நிலைகளைக்கூட யாரோ பெயர்த்துவிட்டார்கள். முதலாளியின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஒருமுறை வந்தார்கள். சுவர்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்தார்கள், எங்கள் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள், போய்விட்டார்கள். இப்போது நெல்லை வயலில் வைத்தே லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு போவதால் ஆலைக்கு வேலையும் இல்லை.

பாலம் எப்போது கட்டியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரன் காலம் என்பார்கள் சிலர். இரணைமடுக் குளத்து அணையை உயர்த்தியபோது கட்டியது என்பார்கள் சிலர். கைபிடிச் சுவரில் ஒரு கல்லில் ஏதோ வெட்டியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சிறுவயதில் அந்த எழுத்துக்குள் விரலை விட்டுத் தடவியிருக்கிறேன். வாசித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம்தான் உடைந்து ஆற்றுக்குள் போனது.

தகடுப் பாலத்தால் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மாரியில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தால் ஆறு தகடுகளைத் தொட்டுக்கொண்டு ஓடும். பஸ் வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நடப்பார்கள். ஒரு மழை நாளில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தகட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள். என் மனைவிதான் ஓடிப்போய்த் தூக்கினாள். எங்கள் கடை வாங்குப் பலகையில் கிடத்தி, முந்தானையால் துடைத்து, முச்சக்கர வண்டி பிடித்து அனுப்பினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊர் பொறுக்கவில்லை. புதுப் பாலம் வேண்டும் என்று எல்லாரும் பிரதேச செயலகத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். முன் வரிசையில் என் மனைவி நின்றாள். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

அது சரியான கோரிக்கை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகும் காலம் போய், ஒரு நாள் இயந்திரங்கள் வந்தன. தெற்கிலிருந்து வேலையாட்கள் வந்து ஆலைச் சுவர்களுக்கிடையில் தகரக் கூரை போட்டுத் தங்கினார்கள். காலையும் மாலையும் எங்கள் கடையில்தான் குடித்தார்கள். மனைவி அவர்களிடம் சிங்களம் பழகினாள், அவர்களுக்கு வாங்க போங்க சொல்லக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் கடை அவ்வளவு நிறைந்திருந்ததை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. பாலம் வந்தால் சனமும் கூடும், வாகனமும் கூடும், கடையை நல்லாக்கி வைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். மண் நிலத்துக்குச் சீமெந்து போட்டோம். கூரைக் கிடுகை எடுத்துவிட்டுத் தகரம் அடித்தோம். வீதியைப் பார்த்தபடி புது வாங்குகள் போட்டோம். அண்ணையும் தன் கடைக்கு நிறம் பூசினார்.

வீதி எவ்வளவு உயரத்தில் வரப்போகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வெள்ளம் தொடாத உயரத்துக்குப் பாலத்தைக் கட்டினார்கள். அந்த உயரத்துக்கு வீதி ஏற வேண்டும் அல்லவா? லொறி லொறியாகக் கிரவல் மண் கொட்டி, எங்கள் கடைகளுக்கு முன்னால் கரையை எழுப்பிக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் மனைவி முன்வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“என்னாங்க, நம்ம கெணத்துக்குள்ள இருக்கிறோம்.”

நான் போய்ப் பார்த்தேன். வாங்கில் இருந்தால் கண்ணுக்கு எதிரே கிரவல் கரைதான் தெரிந்தது. கரையின் மேல் நடந்து போகிறவரின் செருப்பு என் தலை உயரத்தில் போனது.

திறப்பு விழா அன்று வாழை கட்டினார்கள். ஒலிபெருக்கி வைத்தார்கள். வந்தவர்களுக்கு மனைவி பெரிய பானையில் தேத்தண்ணி வைத்துக் காத்திருந்தாள். அவர்கள் போத்தலில் சோடா கொண்டு வந்திருந்தார்கள். நாடா வெட்டியதும் முதல் பஸ் ஆட்களோடு பாலத்தில் ஓடியது. உள்ளே இருந்தவர்கள் கை தட்டினார்கள். யன்னலால் எங்களைக் கண்டு கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, “அக்கா, இனி நடக்கத் தேவையில்லை!” என்று கத்திக்கொண்டு போனார். பூநகரிக் கிழவி அதைக் காண இருக்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தை அக்கரைச் சந்திக்கு மாற்றினார்கள். பழைய பாலத்தின் தகடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் ஒரு துண்டும் இந்தப் பக்கம் ஒரு துண்டுமாக அது இன்னும் நிற்கிறது. ஆற்றைப் பார்க்க வருகிற பெடியள் அதில் இருந்து மீன் பிடிக்கிறார்கள்.

தகடு இல்லை, ஆணி இல்லை. அதோடு இப்போது எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள். அண்ணைக்கு முதலில் வேலை நின்றது. நிறம் பூசிய கடையில் காலை முழுவதும் இருந்துவிட்டு, மத்தியானம் எங்கள் கடைக்கு வருவார். வேறு ஆள் இல்லாததால் அவர் குடிப்பதற்காகவே அடுப்பு எரிந்தது போல இருக்கும்.

“என்னடாப்பா, நாங்கள் ரெண்டு பேரும் எங்கடை சோத்துப் பானையை நாங்களே கவிட்டுப்போட்டம்” என்றார் ஒருநாள்.

“அப்ப அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு விழுந்த மாதிரி இன்னும் நாலு பேரு விழட்டும்ங்கிறீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் அப்பிடிச் சொல்லேல்லை, தங்கச்சி. நாசமாப் போன பாலம் எண்டு வாய் விட்டுத் திட்டக்கூட ஏலாமல் கிடக்கு. அதுதான் விசர்.”

அந்த மாரிக்கு முன்பே அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கிளிநொச்சியில் ஒரு களஞ்சியத்துக்குக் காவல் வேலைக்குப் போனார். சங்கக்கடை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. தபாற்கந்தோரும் அக்கரைச் சந்திக்குப் போய்விட்டது. பாலத்தடி என்ற பெயரை இளம் ஆட்கள் சொல்வதில்லை.

எங்களுக்கு ஒரு மகள். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரவுச் சோறு போடும்போது மனைவி சொன்னாள்.

“குவைத்துல வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். நான் கேட்டு வச்சிருக்கிறேன்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

“போறேன்னு சொல்லல. கேட்டுத்தான் வச்சிருக்கிறேன். தை மாசம் வரைக்கும் கடையைப் பாப்போம். ஓடலைன்னா போறதுதான். வேற என்ன செய்ய?”

எனக்குச் சத்தமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொன்னால், பதிலுக்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டாலும் பார்ப்பாள்.

பல நாள் யோசித்து நான் ஒன்று செய்தேன். அவளுக்குச் சொல்லாமல் விடிய எழும்பி, கரையில் ஏறி, வீதியில் நின்று காலை பஸ்சை மறித்தேன். நான் எங்கோ போகப்போகிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் கதவடிக்கு வந்தார்.

“ஏறுங்கோ அண்ணை. எங்கை?”

“நான் போகேல்லை. ஒரு கதை.”

“கதையோ? நீங்களோ?” அவர் சாரதியைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, ஒருக்கால் நிப்பாட்டுங்கோ. தேத்தண்ணிக் கடை அண்ணைக்கு வாய் வந்திட்டுது!”

முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எப்படியோ சொல்லி முடித்தேன். முன்பு மாதிரி, வரும்போதும் போகும்போதும் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க ஏலுமோ, சனம் இறங்கித் தேத்தண்ணி குடிக்க. அவ்வளவுதான் கேட்டேன். கண்டக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. சாரதி கண்ணாடிக்குள்ளால் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கடை தேத்தண்ணி எவ்வளவு குடிச்சிருப்பம்” என்றார் பிறகு. “சரி. அஞ்சு நிமிசம் நிப்பாட்டுறன்.”

அன்று மாலையே நின்றார்கள். மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் மேலே நின்று ஹோர்ன் அடித்தது. யாரும் இறங்கவில்லை. கிரவல் கரையில் சறுக்கிக்கொண்டு கீழே வந்து, குடித்துவிட்டு, மறுபடி ஏறுவதற்கு ஆருக்கு மனம் வரும்? கண்டக்டர் மேலே நின்று, “அக்கா, கொண்டு வாங்கோவன்” என்று கூப்பிட்டார். அவள் தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு கரையில் ஏறினாள். யன்னல் யன்னலாக நீட்டினாள். முன்பு எங்கள் கடையில் குடித்தவர்கள் சிலர் வாங்கினார்கள். வாங்காதவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து நாளோ ஆறு நாளோ அப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் நான் கீழே நின்று கோப்பைகளை நிரப்பிக் கொடுத்தேன். மேலே நடந்த பேச்சு எனக்கும் கேட்டது.

“தம்பி, பாலம் இல்லாத காலத்திலயும் இதிலைதான் மறிபட்டு நிண்டனாங்கள். பாலம் வந்த பிறகும் இதிலையோ?”

“அஞ்சு நிமிசம்தானே ஐயா. பொறுங்கோ.”

“அதுகளும் பாவங்கள்தானே. ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடியுங்கோவன், சும்மா இருக்கிறியள்.”

கடைசியாகச் சொன்னது ஒரு பெண். நல்ல மனதோடுதான் சொன்னா. மனைவி தட்டோடு இறங்கி வந்தபோது அவள் முகத்தைக் கண்டு நான் திரும்பிக்கொண்டேன். அவள் கோப்பைகளைக் கழுவி முடித்தாள்.

“நீங்க போய்க் கேட்டீங்களா?”

“ஓம்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லல.”

நான் கழுவிய கோப்பைகளைத் துடைத்துக் கவிழ்த்தேன்.

“இத்தனை வருஷம் ஆளுங்க நடந்து வந்து குடிச்சாங்க. நல்லா இருந்துச்சு, குடிச்சாங்க. இன்னிக்கு பாவம்னு குடிக்கிறாங்க. எச்சி முழுங்கிற மாதிரி முழுங்கிட்டு கோப்பையைத் தர்றாங்க.” அவள் குரல் உயரவில்லை. “அங்க போனா யார் வீட்டுப் பாத்திரமோ கழுவணும். ஆனா வேலைக்குச் சம்பளம்னு வாங்கலாம்.”

இனி நிற்க வேண்டாம் என்று பஸ்காரரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியும் வரவில்லை. பின்னால் ஒரு தனியார் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. நிற்கிற நேரத்தில் அது முந்திப்போய் அடுத்த சந்தியில் ஆட்களை ஏற்றிவிடும். சாரதி வேகத்தைக் குறைத்து, யன்னலால் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவள் தை வரை காத்திருக்கவில்லை. கார்த்திகையில் போனாள். போகிற காலையில் மழை தூறியது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டு கரையில் ஏறினேன், மகள் குடை பிடித்தாள். பஸ் நின்றதும் கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மனைவி மகளின் தலையைத் தொட்டாள். என்னிடம், “பால்மா டின்னை மூடி வைங்க, எறும்பு வரும்” என்றாள். ஏறி அவள் உட்காருவதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது.

நான் கடையைச் சில காலம் திறந்தேன். ஆள் இல்லாத கடையில் கூப்பிடுகிறதற்கும் ஆள் இல்லை. வழி கேட்க ஒருவர் இறங்கி வந்தார், தண்ணீர் கேட்டு ஒருவர் வந்தார். பிறகு தகரங்களைக் கழற்றி வீட்டுக் குசினிக் கூரைக்குப் போட்டேன். இப்போது ஊருக்குள் சீமெந்தைக் குழைத்து அச்சில் கல் அரிகிற இடத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாரோடும் அதிகம் கதைக்கத் தேவையில்லை. மகள் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். தாய்க்குத் தெரியாமல் வெளிநாட்டு வேலை பற்றித் தன் சிநேகிதியோடு கதைத்ததை நான் கேட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மனைவி அழைப்பாள். அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவது வேறு ஒரு பெயரில். அதைச் சொல்லிச் சிரித்தாள் முதலில். இப்போது சொல்வதில்லை. இரண்டு வருடம் என்றுதான் போனாள். போன வெள்ளிக்கிழமை, இன்னும் இரண்டு வருடம் நிற்கக் கேட்கிறார்கள், சம்மதித்துவிட்டேன் என்றாள்.

“வந்திடன்” என்றேன். அது எனக்கே புதிதாக இருந்தது.

“வந்து?” என்றாள். கோபமாக இல்லை. உண்மையாகவே கேட்டாள். “வந்து என்ன செய்றது? சொல்லுங்க.”

தொலைபேசியின் சின்னக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் வெள்ளை ஓடு பதித்த ஒரு சமையலறைச் சுவர். நான் யோசித்தேன். கடையை யோசித்தேன், அக்கரைச் சந்தியில் ஒரு இடம் எடுப்பதை யோசித்தேன், அங்கே ஏற்கனவே இருக்கிற கடைகளை யோசித்தேன், வயல் கூலியை யோசித்தேன். இந்த முறை வாய் அடைத்தது கூச்சத்தால் அல்ல.

“சரி, அவகிட்ட குடுங்க” என்றாள்.

தொலைபேசியை மகளிடம் கொடுத்தேன். மிச்ச நேரம் அவர்கள் இருவரும் கதைத்தார்கள்.